அத்தையின் புடவைகளில் அவர் கதையைத் தைப்பது எப்படி?

தாமிரபரணிக்காரி:

குவில்ட் (துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய அத்தை போன வருடம் காலமாகிவிட்டார். அப்பாவுக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் சம்பளக் கவர் வாங்கிய பெண் அவர்தான். அப்பாவைக் காலேஜில் சேர்த்தது, சித்தப்பாவுக்குக் கடை வைத்துக் கொடுத்தது, எனக்கு ஃபீஸ் கட்டியது எல்லாம் அந்தக் கவரிலிருந்து போனதுதான். அவருக்கென்று மிஞ்சியது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புடவை. முக்கால்வாசி நூல் புடவை, டியூட்டிக்கு உடுத்தியது, வருஷக்கணக்காகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதில் மடிப்பு விழும் இடமெல்லாம் இழை விட்டிருக்கிறது. சுங்குடி நிறைய. நைலக்ஸ் ஒன்றிரண்டு. அப்புறம் ஒரே ஒரு அரக்குப் பட்டு. அதை எதற்காக எடுத்தார் என்று வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தைத்த கதை சொல்லும் குவில்ட் சிலவற்றின் படத்தைப் பார்த்ததிலிருந்து, அத்தையின் வாழ்க்கையை அவர் புடவையிலேயே தைத்து வைத்தால் என்ன என்ற எண்ணம் விடாமல் சுற்றுகிறது.

எனக்கு ப்ளவுஸ் தைக்க வரும். தலையணை உறை, குழந்தைகளுக்கான சின்ன மெத்தை வரை தைத்திருக்கிறேன். படம் வரைய சுத்தமாக வராது. இப்படிக் கதை சொல்கிறவர்கள் எப்படித்தான் சொல்கிறார்கள்? உருவங்களை வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டுமா, எழுதலாமா, இல்லை புடவைகளைச் சேர்த்துத் தைத்தாலே போதுமா?

இன்னொன்று. சித்தி, "செத்தவங்க புடவையில கத்தரி வைப்பாங்களாடி" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அதற்கும் யாராவது ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மொட்டைமாடி:

நீங்கள் பார்த்ததில் ஒன்றாவது ஃபெய்த் ரிங்கோல்டின் வேலையாக இருக்கும். துணியில் எழுத்தெழுத்தாகக் கதை எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான். எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கின் ஹார்லெமில் 1930-இல் பிறந்தவர். ஆஸ்துமாவால் சின்ன வயதில் அடிக்கடி பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்தார், பொழுதுபோக்கு படம் வரைவதுதான். அம்மா வில்லி போஸி, ஹார்லெமில் பெயர் வாங்கிய ஆடை வடிவமைப்பாளர். எள்ளுப்பாட்டி அடிமையாக இருந்தபோது எஜமானர் வீட்டுக்குக் குவில்ட் தைத்துக் கொடுத்தவர். ஆக, ஊசி நூல் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. ஆனால் ஃபெய்த் நேராக அதற்குப் போகவில்லை. ஓவியம் படிக்க சிட்டி காலேஜுக்குப் போனால், பெண்களுக்கு அந்தப் படிப்பு கிடையாது, வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சியோடு சேர்த்துப் படி என்றார்கள். அப்படியே படித்து 1973 வரை பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். அறுபதுகளில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததெல்லாம் அமெரிக்காவின் நிறவெறி பற்றிய கனமான படங்கள். 1967-இல் வரைந்த ஒன்றில் கறுப்பரும் வெள்ளையரும் நல்ல உடுப்போடு ரத்தம் தெறிக்க ஓடுகிறார்கள், நடுவில் இரண்டு குழந்தைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துணிக்கு வந்தது 1972-இல். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்திய தங்கா ஓவியங்களைப் பார்த்தார். மரச்சட்டம் கிடையாது, சுற்றிலும் பட்டுத் துணிதான் கரை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடலாம். பெரிய பெரிய கேன்வாஸ்களை அனுப்ப ஆளும் வண்டியும் தேடி அலைந்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் படத்துக்கு துணிக் கரை வைக்க ஆரம்பித்தார், அந்தக் கரைகளைத் தைத்துக் கொடுத்தது அம்மா. 1980-இல் இருவரும் சேர்ந்து முதல் குவில்டைச் செய்தார்கள், ஹார்லெம் மனிதர்களின் முகங்களை வரைந்து, நடுவில் துணித் துண்டுகளைக் கோத்து. அடுத்த வருடமே அம்மா போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான இடம் இனிமேல்தான். அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதிவைத்திருந்தார், அதை அச்சிட யாரும் முன்வரவில்லை. சரி, பதிப்பாளர் தயவு எதற்கு, குவில்டிலேயே எழுதிவிடுகிறேன் என்று 1983-இல் முதல் கதைக் குவில்டைச் செய்தார். குவில்ட் சுவரில் தொங்கினால் எழுத்தும் கூடவே தொங்கும், பார்க்க வந்தவர் படித்துத்தானே ஆக வேண்டும்! அதில் அவர் எடுத்துக்கொண்ட ஆள் ஆன்ட் ஜெமைமா, அமெரிக்காவில் பான்கேக் மாவுப் பெட்டியில் தலையில் துணி கட்டிக்கொண்டு சிரித்த வேலைக்காரப் பெண் உருவம். அவளைத் தொழில் நடத்திச் சொத்துச் சேர்த்த குடும்பத் தலைவியாக மாற்றி எழுதினார். 1986-இல் தான் நூறு பவுண்டுக்கு மேல் எடை குறைத்ததையே ஒரு குவில்டாக்கினார். சின்ன வயதிலிருந்து அன்றுவரை எடுத்த போட்டோக்களைத் துணியில் அச்சடித்து, கூடவே தான் என்ன சாப்பிட்டேன், எதற்காகச் சாப்பிட்டேன் என்று எழுதி. சொந்தக் கதை சொல்வதென்றால் அந்த அளவுக்குக் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் தெரிந்தது 1988-இல் செய்த டார் பீச். இப்போது குகன்ஹைம் அருங்காட்சியகத்தில். ஹார்லெம் மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி, கோடைக்கால ராத்திரி. பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், கொடியில் துணி காய்கிறது, மெத்தை விரித்து இரண்டு பிள்ளைகள் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். படுத்திருக்கிற கேஸி என்ற எட்டு வயதுப் பெண்ணே மேலே ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறந்துகொண்டும் இருக்கிறாள். நடுப்பகுதி கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணம், சுற்றிலும் பூப்போட்ட துணிச் சதுரங்கள், மேலும் கீழும் பட்டையாகக் கையெழுத்தில் கதை. பாலம் கட்ட உழைத்த அப்பாவைத் தொழிற்சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது, ஜாலியான மொட்டைமாடி ராத்திரி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம்.

வரைய வராது என்கிறீர்கள், எழுத வரும்தானே? மேலேயும் கீழேயும் ஒரு வெள்ளைப் பட்டை விடுங்கள். நடுவில் புடவை இருக்கட்டும். அத்தை டியூட்டியில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்ததைப் பட்டையில் எழுதலாம். ரிங்கோல்ட் 2024 ஏப்ரலில் 93 வயதில் இறந்தார், கடைசிவரை இந்தப் பட்டைகளைக் கைவிடவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

காலிஞ்சுத்தையல்:

கதையெல்லாம் அப்புறம், முதலில் பெட்டியைத் தரம் பிரியுங்கள். நூல் புடவை ஒரு குவியல், பட்டு தனியாக, நைலக்ஸ் வெளியே. நைலக்ஸும் பருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்று இழுக்கும் ஒன்று இழுக்காது, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாலே நைலக்ஸ் சுருண்டுவிடும். வேண்டுமென்றால் அதைக் கடைசியில் மேலே ஒரு துண்டாகக் கையால் வைத்துத் தைக்கலாம்.

சுங்குடி சாயம் இறங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நனைத்து, வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு அழுத்திப் பாருங்கள். கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசுங்கள், கஞ்சி மிச்சமிருந்தால் பூச்சி வரும்.

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குவில்டிங். நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு அவசியமில்லை, பழைய நூல் வேட்டி ஒன்று போதும், சுவரில் மாட்டவும் கனம் இருக்காது. துண்டு சேர்க்கும்போது கால் இஞ்சுத் தையல் விளிம்பு என்பது பொதுக் கணக்கு. பழைய இழை என்பதால் நீங்கள் அரை இஞ்சு விடுங்கள், பிரிந்து வராது.

எழுதுவதற்குத் துணிக்கான பேனா கிடைக்கிறது. எழுதியபின் மேலே ஒரு துணி போட்டுச் சூடாக இஸ்திரி போட்டால்தான் நிற்கும். பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடாதீர்கள், பரவிவிடும்.

கரிசல்காட்டான்:

எனக்கு இந்தப் பட்டை, எழுத்து எதிலும் உடன்பாடில்லை. புடவையே கதைதானே, அதற்கு மேல் எதற்கு உரை எழுத வேண்டும்?

அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர், ஆற்று வளைவுக்குள் அடங்கிய கறுப்பின விவசாயக் குடும்பங்களின் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள், பலருக்கு அந்தப் பழைய எஜமானரின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே இன்றும் பெயர். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கிடைத்த துணியையெல்லாம் வைத்துத் தைத்தவர்கள். 2002-இல் அவர்கள் குவில்டுகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தபோது, நவீன ஓவியங்களைப் பார்த்துப் பழகிய விமர்சகர்களே அசந்துபோனார்கள். 2006-இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தது.

அதில் மிசூரி பெட்வே 1942-இல் தைத்தது ஒன்று. கணவர் இறந்தபின், வயலில் அவர் போட்டு உழைத்த உடுப்புகளைப் பிரித்துத் தைத்தது. நீலமும் சாம்பலும் கலந்த நீளப் பட்டைகள், வேலையில் தேய்ந்து வெளிறிய இடங்கள், கறைகள், அதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு உருவம் இல்லை, ஒரு எழுத்து இல்லை. அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும் அதற்குள் படுத்துக்கொள்ளவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அத்தையின் புடவையில் கஞ்சி மடிப்பில் இழை விட்ட இடம் இருக்கிறது என்றீர்களே, அதை ஒதுக்கிவிட்டு நல்ல பாகத்தை மட்டும் வெட்டி எடுக்கத்தான் கை போகும். ஒதுக்காதீர்கள். அடியில் ஒரு துணி வைத்து அந்த இழை விட்ட கோடு வெளியே தெரிகிற மாதிரி தையுங்கள். தினமும் மடித்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போன பெண் என்பதை அதைவிட யார் சொல்லப் போகிறார்கள்?

வெயிலுகந்தாள்:

கரிசல்காட்டான் தம்பி சொன்ன இழை விட்ட கோடு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வாதம் பிடிக்கவில்லை. மிசூரி பெட்வேயின் குவில்ட் கணவரின் உடுப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மகள் சொன்னார், யாரோ எழுதிவைத்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அது நீலத் துணியில் தைத்த ஒரு போர்வை, அவ்வளவுதான். துணி தானாகப் பேசாது. பேசுகிற மாதிரி நமக்குத் தோன்றுவது பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னதால்.

இதற்கு ஹாரியட் பவர்ஸ் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் ஊர்ப் பக்கம் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை கிடைத்து, கணவரோடு சின்னதாக நிலம் வைத்து விவசாயம் பார்த்தார். அவர் தைத்ததில் இன்று நம்மிடம் இருப்பது இரண்டே குவில்ட். ஒன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில், இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்.

முதல் குவில்டை 1886-இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஏதேன் தோட்டம், காயீன் ஆபேல், யாக்கோபின் ஏணி, கடைசி இராவுணவு என்று பைபிள் காட்சிகள் கட்டம் கட்டமாக. அதைப் பார்த்து ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். தர மாட்டேன் என்றுவிட்டார் ஹாரியட். நாலைந்து வருடம் கழித்துக் கையில் காசில்லாத கஷ்டம் வந்தபோது, மாட்டு வண்டியில் குவில்டை மூட்டையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை வீட்டுக்கு வந்தார். பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் இருக்கிறது என்றார் ஆசிரியை. கணவரைக் கலந்துகொண்டு ஐந்துக்கே கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகும் முன் ஒவ்வொரு கட்டமாகக் காட்டி, இது இன்னது, இது இன்னார் என்று விளக்கினார். ஆசிரியை எழுதி வைத்துக்கொண்டார். விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்கென்றே திரும்பத் திரும்ப வந்துபோனாராம் ஹாரியட்.

1898-இல் முடித்த இரண்டாவதில் பதினைந்து கட்டம். அதில்தான் எனக்கு உயிர். பைபிள் காட்சிகளுக்கு நடுவே ஊர்க் கதைகளையும் கோத்திருக்கிறார். 1833 நவம்பரில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய ராத்திரி, உலகம் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் நடுங்கியது ஒரு கட்டம். 1895-இல் கொடுமையான குளிர் விழுந்த வியாழக்கிழமை இன்னொன்று: ஜெபம் செய்துகொண்டே உறைந்துபோன பெண், மாவு மூட்டையோடு உறைந்த மனிதர், கோவேறு கழுதையின் மூச்சே பனிக்கட்டியாகத் தொங்குகிறது. பெட்ஸ் என்று பெயர் வைத்த ஒரு பெண் பன்றி, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிப்போனதாம், அதுவும் அங்கே இருக்கிறது. அடிமைத்தனத்தில் இருந்து ஓடிப்போனவர்களைத்தான் பன்றியாகச் சொல்கிறார் என்று படிக்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

விளக்கம் எழுதி வைக்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டத்துக்குள் ஒரு பன்றி. யாருக்குத் தெரியும் அதற்குப் பெயர் பெட்ஸ் என்று?

கவனியுங்கள், நட்சத்திரம் விழுந்தபோது ஹாரியட் பிறக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் தைத்தார். அந்த அரக்குப் பட்டைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு கதை இருக்கிறது என்றீர்களே, எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். எல்லாக் கதையையும், சொன்னவர் பெயரோடு, எழுதிவிடுங்கள். முன்பக்கம் எழுத இஷ்டமில்லையென்றால் பின்பக்கம் அடித்துணியில் எழுதுங்கள். கட்டத்துக்குக் கட்டம் நேர் பின்னால்.

வரைய வராது என்பது ஒரு தடையே இல்லை. ஹாரியட்டின் உருவங்கள் ரொம்ப எளிமையானவை, துணியை ஆளாக, மாடாக, சூரியனாக வெட்டி விளிம்பை மடித்துத் தைத்தது மட்டும்தான். நம் ஊரில் தேர்ச்சீலையும் தொம்பையும் (தேரில் குழாய் மாதிரி தொங்கவிடும் துணி அலங்காரம்) தைக்கிறவர்கள் செய்கிற ஒட்டுவேலையும் இதே வழிதான், ஒருமுறை கும்பகோணம் பக்கம் போனால் நின்று பாருங்கள், யாளியைக் கத்தரியாலேயே வரைந்துவிடுவார்கள். பழைய காலத்து டெலிபோன் ரிசீவரைப் பேப்பரில் வெட்டிப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியும். அதை ஒரு கட்டத்தில் வையுங்கள், போதும்.

கரிசல்காட்டான்:

அக்கா, பின்பக்கம் எழுதுவது என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. முன்பக்கம் மட்டும் புடவையாகவே இருக்கட்டும். மொட்டைமாடி மன்னிக்கவும்.

மொட்டைமாடி:

மன்னித்தேன், ஒத்துக்கொள்ளவில்லை :) பின்பக்கம் எழுதியதைச் சுவரில் மாட்டினால் யார் திருப்பிப் படிப்பது?

இரட்டைமடி:

சித்தி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வெட்டாமலே செய்யலாம்.

வங்காளத்தில் காந்தா என்பதே அதுதான். பழைய நூல் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முழுசாக விரித்து, நடுவிலிருந்து ஓரம்வரை சின்னச் சின்ன ஓட்டுத் தையல். அந்தக் காலத்தில் நூல் கூடக் கடையில் வாங்கவில்லை, புடவைக் கரையிலிருந்து கலர் நூலை உருவி எடுத்து அதிலேயே தைத்தார்கள். யானை, தேர், தாமரை, வீட்டில் நடந்த கதை எல்லாம் அந்தத் தையலிலேயே வரும். சித்தியிடம் கத்தரியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், புடவையை நாலாக மடிப்பது மட்டும்தான்.

பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளில் சித்தி சமூகத்தார் இருக்கிறார்கள் (உங்கள் சித்தி இல்லை!), பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் கவந்தியில் அடியில் ஒரு முழுப் புடவையை விரித்துவிடுவார்கள். அதன் ஓர மூலையில் தொடங்கி, துண்டை வைத்து மடித்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே போவார்கள், நடுவில் வந்து முடியும். முன்கூட்டியே டிசைன் போடுவதில்லை, அளவு எடுப்பதில்லை. கடைசியில் நாலு மூலைக்கும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ மாதிரி வைப்பார்கள், அது இல்லாமல் கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை.

இரண்டையும் கலக்கலாம். ரொம்பப் பிடித்த ஒரு சுங்குடியை வெட்டாமல் அடியில் முழுசாக வைத்துவிடுங்கள். அதில் சித்தி கை வைத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே கிழிந்துபோன டியூட்டிப் புடவைகளில் இருந்து மட்டும் துண்டு எடுங்கள். கிழிந்ததை வெட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை.

வெயிலுகந்தாள் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அரக்குப் பட்டைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டேன். அப்பா, அது தன் கல்யாணத்துக்கு அத்தை எடுத்தது என்கிறார். சித்தி, அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எடுத்தது, வந்தவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, வேலையை விடச் சொன்னார்கள், அத்தை மாட்டேன் என்றுவிட்டார் என்கிறார். அத்தையோடு ஒரே ஷிஃப்டில் இருந்த மாமி ஒருவரிடம் போனில் பேசினேன், அவர் சிரித்துவிட்டு, "அட, போனஸ் வந்ததுன்னு நாங்க மூணு பேரும் ஒண்ணாப் போய் ஒரே கலர்ல எடுத்தோம்டி, கல்யாணமாவது கத்திரிக்காயாவது" என்றார்! அவருடைய பட்டு இன்னும் பீரோவில் இருக்கிறதாம்.

மூன்றையும் எழுதப் போகிறேன், பின்பக்கம். மொட்டைமாடி கேட்ட கேள்விக்கு, சுவரில் மாட்டும்போது மேல் ஓரத்தை மட்டும் கம்பியில் கோத்துவிட்டுக் கீழே தைக்காமல் விட்டால் யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாமே?

அடிப்புடவைக்குப் பச்சைச் சுங்குடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். சித்தியிடம் வெட்ட மாட்டேன் என்று சொன்னதும், "நாலு மூலைக்கு நான் தர்றேன்" என்று தன்னுடைய பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதை என்ன செய்வது என்பது வேறு கதை, அது பாலியஸ்டர்.

ஒரே ஒரு சந்தேகம். அரக்குப் பட்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்புக் கோடு நெடுக ஊசித்துளை மாதிரி தெரிகிறது. முந்தானைச் சரிகை கறுத்து விறைத்திருக்கிறது. இதைத் துவைக்கலாமா? இதிலிருந்து ஒரு பாகமாவது முன்பக்கம் வர வேண்டும்.

காலிஞ்சுத்தையல்:

துவைக்காதீர்கள். தண்ணீர் பட்டால் மடிப்புக் கோட்டில் இரண்டாகப் போய்விடும். நிழலில் விரித்து ஒருநாள் காற்றாட விடுங்கள், தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், அவ்வளவுதான். சரிகையைத் தேய்த்து மின்ன வைக்கவும் முயற்சி செய்ய வேண்டாம், கறுத்தது கறுத்ததாகவே இருக்கட்டும்.

மடிப்புக் கோடு வராத பாகமாகப் பார்த்து எடுங்கள். பின்னால் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் கிடைக்கும், ப்ளவுஸ் கழுத்துப் பட்டைக்கு வைப்பதை விட மெல்லியதாகக் கேளுங்கள். சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி போட்டு, தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். முதலில் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதில் கை வையுங்கள்.

அதன்மேல் அதே நிறத்தில் நெட் துணி ஒன்றைப் போர்த்தி, பட்டில் ஊசி படாமல் சுற்று ஓரத்தில் மட்டும் தையுங்கள். பழந்துணிகளைப் பாதுகாக்கிறவர்கள் இப்படித்தான் மூடி வைப்பார்கள். பட்டு உதிர்ந்தாலும் உள்ளேயே நிற்கும், தூரத்தில் நெட் இருப்பதே தெரியாது. மாட்டும்போது நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். எடுத்து வைப்பதென்றால் மடிக்காமல் குழாயில் சுருட்டுங்கள், பட்டு இருக்கும் பக்கம் வெளியே வரும்படி.

சித்தியின் பாலியஸ்டர் நாலு மூலைக்கும் தாராளமாகப் போகும். மூலைத் துண்டு முக்கோணமாக மடித்து மேலே வைப்பதுதான், இழுபடாது. சூடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.